லாண்டியின் கல்யாணமும் கடவுளின் மணியும்

சான் கோபோவில் யாரையாவது மணி என்ன என்று கேட்டால் பதில் வராது, கேள்விதான் வரும். "யாரோட மணி? கடவுளோடதா, அரசாங்கத்தோடதா?" வருஷா வருஷம் ஏப்ரல் பிறந்ததும், கோடை நேரம் என்று சொல்லிக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளச் சொல்லும் அரசாங்கம். எங்கள் ஊர் தள்ளாது. சூரியன் தள்ளவில்லை, கோழியும் தள்ளவில்லை, நமக்கு மட்டும் என்ன அவசரம் என்பது ஊரின் கட்சி. இருபது வருஷத்துக்கு மேலாகியும் அந்தக் கட்சி உடையவில்லை. பள்ளிக்கூட வாத்தியார் மட்டும் பாவம், அரசாங்க மணிக்கு வந்துவிடுவார். பிள்ளைகள் கடவுளின் மணிக்கு வருவார்கள். நடுவில் கிடைக்கும் ஒரு மணி நேரம் அவர் மேஜையில் தலை வைத்துத் தூங்குவார்.

இப்படிப்பட்ட ஊரில் பிறந்துவிட்டு, கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு பிழைத்தவள் லாண்டி தூஸ். பத்தொன்பது வயதில் கான்கூனுக்குப் பஸ் ஏறினாள். கடற்கரை ஹோட்டல் ஒன்றில் படுக்கை விரிப்பு துவைக்கும் வேலை. ஈர விரிப்பின் கனம் தோளைத் தின்றது. பிறகு சமையலறையில் பப்பாளி நறுக்கினாள். ஒருநாள் விரலையும் சேர்த்து நறுக்கிக்கொண்டதில் அந்த வேலையும் போயிற்று. முப்பத்தைந்து வயதில் ஒரு பழைய வேனைப் பிடித்து, பனிக்குப் பயந்து வடக்கேயிருந்து ஓடிவரும் ஜனங்களை விமான நிலையத்தில் ஏற்றி ஹோட்டலில் இறக்கத் தொடங்கினாள். இப்போது ஐம்பத்து நான்கு. இந்தப் பத்தொன்பது வருஷத்தில் அவள் வண்டியில் ஏறிய ஒருவர்கூட விமானத்தைத் தவறவிட்டதில்லை. வேனின் முதுகில் 'நேரம் தவறாதவள்' என்று சிவப்பு பெயிண்டில் பெரிதாக எழுதி வைத்திருந்தாள். அடக்கம் அவளுக்குச் சரியாகப் பொருந்தாத சட்டை.

மார்ச் மாதம்தான் அவளுடைய திருவிழா. வடக்கே அப்போது கடிகாரத்தைத் தள்ளுவார்கள், கான்கூன் தள்ளாது. முந்தின நாள்வரை நாலு மணிக்குக் கிளம்பிய விமானம் மறுநாள் மூன்று மணிக்கே கிளம்பிவிடும். வெயிலில் இறால்போலச் சிவந்த மனிதர்கள் ஈர நீச்சலுடையோடு ஹோட்டல் வரவேற்பறையில் நின்று கூச்சல் போடுவார்கள். லாண்டியின் ஆட்கள் மட்டும் கூச்சல் போட மாட்டார்கள். முந்தின நாளே ஒவ்வொரு அறைக் கதவையும் தட்டி, "நாளைக்கு ஒரு மணி நேரம் குறைவு, இன்னைக்கே கடைசிக் குளியல் குளிச்சிக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்திருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பேரை ஏற்றிக்கொண்டு சான் கோபோவின் கிணற்றுக் குகையில் குளிக்க அழைத்து வருவாள். கான்கூன் இருப்பது ஒரு மாநிலம், நாங்கள் பக்கத்து மாநிலம். குளிர்காலம் முழுக்க அவர்கள் கடிகாரம் எங்களுடையதைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடும். அங்கே எட்டுக்குக் கிளம்பி இரண்டரை மணி நேரம் ஓட்டினால் இங்கே ஒன்பதரைதான் ஆகியிருக்கும். எல்லை வளைவு வந்ததும் லாண்டி ஹாரனை மூன்று தடவை அடிப்பாள். "இந்தாங்க, என் செலவுல ஒரு மணி நேரம். திருப்பித் தர வேணாம்." பின்னால் கைதட்டல் கேட்கும். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

ஞாயிறு தவறாமல் வந்ததற்குக் கிணறு மட்டும் காரணமில்லை என்பது ஊருக்கே தெரியும். காஸ்பர் ஊக் என்று ஒருவன் இருந்தான். தேன்பெட்டி வைத்திருப்பவன், கல்யாணம் ஆகாதவன், லாண்டியைவிட மூன்று வயது பெரியவன். ஒருமுறை அவள் தன் ஆட்களைத் தேன் வாங்க அவன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். அடுத்த ஞாயிறு ஆட்கள் யாரும் தேன் கேட்கவில்லை, இருந்தாலும் போனாள். ஆறு வருஷம் இப்படிப் போய் வந்தபின் காஸ்பர் கேட்டான்: "எத்தனை நாளைக்குத்தான் தேன் வாங்குவே? இங்கேயே இருந்துட்டா சும்மாவே சாப்பிடலாமே."

அவள் சரி என்றாள். நாள் குறித்தார்கள். அந்த நாளில் ஒரு தம்பதி கடவுச்சீட்டை ஹோட்டல் பெட்டகத்தில் மறந்து வைத்துவிட்டு விமான நிலையத்தில் நின்று அழுதார்கள். லாண்டி வண்டியைத் திருப்பினாள். அவர்களுக்கு விமானம் கிடைத்தது. அவள் சான் கோபோவுக்கு வந்து சேர்ந்தபோது கல்யாணப் பதிவாளர் போய் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. மறுபடி நாள் குறித்தார்கள். அந்த வாரம் புயல் அடித்தது. இரண்டு நாள் விமானம் இல்லாமல் தவித்தவர்களை ஹோட்டல் ஹோட்டலாக ஏற்றி இறக்கினாள். அப்போதும் காஸ்பர் தனியாகத்தான் நின்றான்.

இரண்டு முறையும் அவன் திட்டவில்லை. "சரி, சாப்பிடு. ஆறிடும்" என்றான். திட்டியிருந்தால் இரண்டு திட்டு திருப்பித் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பாள். அந்தச் 'சரி' அவளைத் தூங்க விடவில்லை. யாரென்றே தெரியாத ஆட்களுக்கெல்லாம் நேரம் தவறாதவள், கட்டிக்கொள்ளப் போகிறவனை மட்டும் இரண்டு முறை நிற்க வைத்துவிட்டாள். காஸ்பரின் தங்கை நெய்டி சும்மா இருப்பவளா? "அண்ணி, எங்கண்ணனுக்கு ஒரு பொட்டி வாங்கிக் குடுத்து, விமான நிலையத்துல நிக்க வெச்சிடலாமா? அப்பவாவது நேரத்துக்கு வருவீங்க" என்றாள். ஊரே சிரித்தது. லாண்டியும் சிரித்தாள், வீட்டுக்குப் போய் அழுதாள்.

மூன்றாவது முறையாக நாள் குறித்தது ஏப்ரல் முதல் ஞாயிறு, காலை பத்து மணி. பதிவாளர் எங்கள் பக்கம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். அன்றைக்கு இங்கே பத்து மணிக்கு ஒரு கல்யாணம், பக்கத்து ஊர் சாந்தா ரீத்தாவில் பதினோரு மணிக்கு இன்னொன்று. லாண்டி மனதுக்குள் ஒன்று முடிவு செய்தாள். இந்த முறை அவனுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். அவன் நடந்து வருவதை நின்று பார்க்க வேண்டும். அது ஒன்று நடந்துவிட்டால் போதும்.

அன்று அவள் வண்டியில் இரண்டே பேர். கனடாவில் சஸ்காட்செவன் என்ற கோதுமைப் பூமியிலிருந்து ஒன்பது குளிர்காலமாக வரும் வெர்ன் என்ற கிழவரும் அவர் மனைவி டோரீனும். சாயங்காலம் ஐந்தரைக்கு அவர்களுக்கு விமானம். "கல்யாணத்தைப் பாக்காம ஊருக்குப் போனா என் பொண்டாட்டி என்னை விமானத்துல ஏத்த மாட்டா" என்று தனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிஷில் வெர்ன் சொல்லிவிட்டார். லாண்டி பூவேலை செய்த வெள்ளைக் கல்யாண உடுப்பைப் போட்டுக்கொண்டு, மடியில் ஒரு பெரிய துண்டை விரித்து, ரப்பர் செருப்போடு வண்டியை எடுத்தாள். கல்யாணச் செருப்பு டாஷ்போர்டின் மேல் உட்கார்ந்து வந்தது. மணி சரியாக எட்டு. ஒன்பதரைக்கு அங்கே இருப்பேன், அரை மணி நேரம் கையில் மிச்சம் என்று பாடிக்கொண்டே ஓட்டினாள்.

வெர்னிடம் ஒரு பழக்கம் உண்டு. கைக்கடிகாரத்தை எந்த ஊருக்குப் போனாலும் மாற்ற மாட்டார். அது எப்போதும் அவர் ஊர் நேரத்தையே காட்டும். கைபேசி மட்டும் தானாக மாறிக்கொள்ளும். ஒவ்வொரு வருஷமும் எல்லை தாண்டியதும் கைபேசி ஒரு மணி நேரம் இறங்கிக் கைக்கடிகாரத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதைப் பார்த்துச் சிரிப்பது அவருக்கு ஒரு விளையாட்டு.

எல்லை வளைவு வந்தது. லாண்டி மூன்று தடவை ஹாரன் அடித்தாள். "இந்தாங்க, கல்யாணப் பொண்ணோட செலவுல ஒரு மணி நேரம்."

கைதட்டல் இல்லை. வெர்ன் கைபேசியைத் தட்டினார், குலுக்கினார், ஜன்னல் பக்கம் நீட்டிப் பார்த்தார். "லாண்டி, இந்த வருஷம் குடுக்கலை. என் கையில எட்டு இருபது. போன்ல ஒன்பது இருபது. அப்படியே நிக்குது."

"சிக்னல் இருக்காது."

"சிக்னல் நாலு கோடு இருக்கு."

லாண்டியின் வாயிலிருந்த பாட்டு நின்றது. ஏப்ரல் முதல் ஞாயிறு. வடக்கே மார்ச்சிலேயே தள்ளியாயிற்று, விமானங்களை எல்லாம் சரிக்கட்டியாயிற்று, இந்த வருஷத்துக் கடிகாரத் தொல்லை தீர்ந்தது என்று அவள் தலைமுழுகிவிட்டாள். ஆனால் எங்கள் மாநிலம் தள்ளும் நாள் இன்றுதான். கான்கூன் தள்ளுவதில்லை, அதனால் அங்கே ஒருவரும் அதைப் பற்றிப் பேசவுமில்லை. குளிர்காலம் முழுக்க எல்லையில் கிடைத்துவந்த அந்த ஒரு மணி நேரம் நேற்றோடு முடிந்துபோயிருந்தது. இரண்டு பக்கமும் இப்போது ஒரே மணி. அவள் போய்ச் சேரும்போது ஒன்பதரை இல்லை, பத்தரை.

"ஊர் உலகத்துக்கெல்லாம் கடிகாரம் சொல்லிக் குடுத்தேன். என் கல்யாணத்துக்கு எனக்குச் சொல்ல ஒருத்தி இல்லை" என்று ஸ்டியரிங்கை அடித்தாள். நெய்டிக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நெய்டி பன்றியைக் குழிக்குள் வைத்துச் சுடும் இடத்தில் நின்றிருப்பாள். போன் வீட்டு ஊஞ்சலில் கிடக்கும்.

அப்புறம் வண்டி ஓடவில்லை, பறந்தது. ஆனால் எங்கள் சாலையில் ஊருக்கு ஆறு வேகத்தடை உண்டு. ஒவ்வொன்றிலும் டோரீன் ஒரு அடி எழும்பி உட்கார்ந்தாள். "மெதுவா போம்மா, உயிரோட போனாத்தான் கல்யாணம்" என்றார் வெர்ன். "மூணாவது தடவையும் நிக்க வெச்சுட்டு உயிரோட இருந்து என்ன செய்யறது?" என்றாள் லாண்டி. ஊருக்குத் திரும்பும் முக்கில் எதிரே ஒரு வெள்ளைக் கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. கண்ணாடியைத் தூக்கிக்கொண்டே அந்தக் காரோட்டியின் வம்சத்தைத் திட்டினாள்.

பத்து இருபத்தைந்துக்கு வேன் சதுக்கத்தில் போய் நின்றது. லாண்டி பேயறைந்தவள் போல இறங்கினாள். ஊரின் முகத்தைப் பார்க்கவே பயம். கூட்டம் கலைந்திருக்கும், காஸ்பர் தனியாக நிற்பான், சரி சாப்பிடு என்பான்.

கூட்டமே இல்லை. சதுக்கத்து ஆலமரத்தடியில் இரண்டு வான்கோழிகள். காகிதத் தோரணத்தை ஒருவன் ஏணியில் நின்று பாதிதான் கட்டியிருந்தான். நெய்டி தலையில் முடி சுருட்டும் ஊசிகளோடு, கையில் வெங்காயக் கூடையோடு வந்துகொண்டிருந்தாள். லாண்டியைப் பார்த்ததும் கூடையை இறக்கி வைத்தாள்.

"என்ன அண்ணி, அதிசயம்? ஒன்பதரைகூட ஆகலை. வழி தவறி சீக்கிரம் வந்துட்டீங்களா?"

லாண்டிக்கு ஒரு நிமிஷம் எதுவும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. பதற்றத்தில் தன் ஊரின் வழக்கத்தையே மறந்துவிட்டிருந்தாள். ஊர் கடவுளின் மணியில் இருந்தது. ஊருக்கு இன்னும் பத்து ஆகவே இல்லை. வயிற்றில் பாலை வார்த்தது போல இருந்தது.

"காஸ்பர் எங்கே?"

"குளிக்கிறான். காலையிலே தேன்பெட்டியைப் பாக்காம வர மாட்டேன்னுட்டான். அதுங்களுக்கும் கல்யாணம்னு சொல்லணுமாம்."

அதற்குள் காஸ்பரே வந்துவிட்டான். இடுப்பில் துண்டு, காதில் சோப்பு நுரை. வேனின் சத்தம் கேட்டு ஓடிவந்திருக்கிறான். லாண்டியை வெள்ளை உடுப்பில் பார்த்ததும் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"எனக்கு முன்னாடி வந்துட்டியா?"

"வந்துட்டேன்" என்றாள் லாண்டி. ஆறு வருஷத்தில் அவனை இத்தனை அழகாக அவள் பார்த்ததில்லை.

வெர்ன் இறங்கி வந்து தன் கைக்கடிகாரத்தைக் காட்டினார். ஒன்பது இருபத்தேழு. காஸ்பர் குனிந்து பார்த்தான், கோயில் சுவரிலிருந்த தன் நிழலைப் பார்த்தான், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தான். "இந்த வெள்ளைக்காரர் கையில எப்படி நம்ம மணி?"

"எங்க ஊர் மணி" என்றார் வெர்ன். "கோதுமை ஊர். நாங்க தள்ள மாட்டோம். பசு மாடு ஒத்துக்காது."

காஸ்பர் ஈரக்கையோடு அவரைக் கட்டிக்கொண்டான். "லாண்டி, இத்தனை வருஷத்துல இப்பத்தான் ஒரு படிச்ச மனுஷனைக் கூட்டிட்டு வந்திருக்கே."

அந்த நேரம் பார்த்துத்தான் ஏணிக்காரன் மேலேயிருந்து சொன்னான்: "அது சரி, ஒரு ஒல்லிப் பையன் பொட்டியோட வந்து அரை மணி நேரம் நின்னானே, அவன் யாரு? வெள்ளைக் கார். மணியை மணியைப் பாத்தான். காலை உதைச்சுக்கிட்டுப் போயிட்டான். சோப்பு விக்கிறவன்னு நினைச்சு நான் பேச்சே குடுக்கலை."

நெய்டியின் கை வாய்க்குப் போனது. அது சோப்பு விற்பவன் இல்லை, பதிவாளர் பெனிச்சே. மாநிலத் தலைநகர் மெரிதாவிலிருந்து வந்து மூன்றே மாதம் ஆன ஆள். எங்கள் பக்கத்து வழக்கம் அவருக்கு யாரும் சொல்லவில்லை. அரசாங்கத்தின் ஆள் அரசாங்கத்தின் மணிக்கு வந்து, மாப்பிள்ளையும் இல்லாமல் பெண்ணும் இல்லாமல் இரண்டு வான்கோழிகளைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போயிருக்கிறார்.

லாண்டி வேனின் படியில் உட்கார்ந்துவிட்டாள். எதிரே வந்த வெள்ளைக் கார் நினைவுக்கு வந்தது. "அந்த ஆளோட வம்சத்தையே திட்டினேனே. இனி ரெண்டு மாசம். மூணாவது தடவையும் போச்சு. எனக்கு இது குடுத்து வைக்கலை, காஸ்பர்."

காஸ்பர் நுரையைத் துடைத்தான். அவன் அவசரப்படுகிற ஆள் இல்லை. தேனீக்காரர்கள் அவசரப்பட்டால் முகம் வீங்கும். "அவர் இங்கேயிருந்து எங்கே போனார்?"

"சாந்தா ரீத்தாவுக்கு. பதினோரு மணிக்கு அங்கே கல்யாணம்" என்றாள் நெய்டி.

"யாரோட பதினோரு மணி?"

எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு நெய்டி சிரிக்க ஆரம்பித்தாள். சாந்தா ரீத்தா எங்களைவிட மோசமான ஊர். அங்கே வாத்தியாரே கடவுளின் மணிக்குத்தான் வருவார். அந்தப் பெண்ணும் மாப்பிள்ளையும் பதிவாளரின் கணக்குக்குப் பன்னிரண்டு மணிக்குத்தான் வருவார்கள். அதுவரை அந்த மனுஷன் அங்கேயும் தனியாகத்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"எழுந்திரு" என்றான் காஸ்பர். "அரசாங்கத்துக்கும் கடவுளுக்கும் நடுவுல ஒரு மணி நேரம் சும்மா கெடக்கு. அதுல நம்ம கல்யாணத்தை முடிச்சிடலாம்."

பதினான்கு பேர் உட்காரும் வேனில் இருபத்து மூன்று பேர் ஏறினார்கள். காஸ்பர் வெள்ளைச் சட்டைக்குப் பொத்தானை வண்டிக்குள்தான் போட்டான். டோரீன் காலரைச் சரிசெய்தாள். நெய்டியின் தலையிலிருந்து ஊசிகளை இரண்டு பெண்கள் பிடுங்கிக்கொண்டே வந்தார்கள். பன்றியைப் பார்த்துக்கொள்ள நெய்டியின் புருஷன் நின்றுகொண்டான். "நீங்க கல்யாணம் பண்றீங்களோ இல்லையோ, பன்னி வெந்துடும்" என்று வழியனுப்பினான்.

பதினோரு மணி பத்து நிமிஷத்துக்கு, அரசாங்கக் கணக்கில், சாந்தா ரீத்தாவின் சமுதாயக் கூடத்துக்குள் அவர்கள் நுழைந்தார்கள். மேஜைகளுக்கெல்லாம் துணி விரித்திருந்தது. மூன்றடுக்குக் கேக் மேல் வலை போட்டிருந்தது. பதிவாளர் பெனிச்சே ஒரு மடக்கு நாற்காலியில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கூடத்தின் நடுவில் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தார். முப்பது வயதுகூட இருக்காது. முகத்தில் ஈயாடவில்லை.

"நீங்கதான் கல்யாணப் பொண்ணா?" என்றார் லாண்டியைப் பார்த்து.

"பொண்ணுதான், லிசென்சியாதோ" என்று படித்தவர்களுக்கான பட்டத்தைச் சேர்த்துச் சொன்னாள் லாண்டி. "ஆனா இந்த ஊருப் பொண்ணு இல்லை. போன ஊருப் பொண்ணு."

"போன ஊர்லதான் யாருமே இல்லையே. அரை மணி நேரம் நின்னேன். இங்கேயும் யாரும் இல்லை. என் கடிகாரம் கெட்டுப்போச்சா, இல்ல இந்தப் பக்கமே யாரும் கல்யாணம் பண்ணிக்க மாட்டீங்களா?"

"உங்க கடிகாரம் நல்லாத்தான் இருக்கு. அதை நம்பி வந்ததுதான் தப்பு" என்றாள் நெய்டி.

அவர் எழுந்து நின்றார். சான் கோபோவின் படிவம் சான் கோபோவில்தான் கையெழுத்தாக வேண்டும் என்று ஆரம்பித்தார். லாண்டி குறுக்கே போய் நின்றாள். அவளுக்குக் கெஞ்சிப் பழக்கமில்லை, அன்று கெஞ்சினாள். "பத்தொன்பது வருஷமா எத்தனையோ பேரை விமானத்துக்குக் கொண்டுபோய் விட்டிருக்கேன், தம்பி. ஒருத்தரும் தவறலை. இந்த மனுஷனை மட்டும் ரெண்டு தடவை நிக்க வெச்சுட்டேன். மூணாவது தடவை நிக்க வெக்க என்னால முடியாது. ரெண்டு ஊரும் ஒரே பதிவேடுதானே. பாத்துப் பண்ணுங்க."

பெனிச்சே பதிவேட்டைத் திறந்து பார்த்தார். ஒரே பதிவேடுதான். வேறு ஊர் என்றால் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதினால் போதும் என்று பின்பக்கத்தில் அச்சடித்தே இருந்தது. காலையிலிருந்து முதன்முறையாக அவரைத் தேடி மனிதர்கள் வந்திருக்கிறார்கள் என்பதும் அவர் மனதை இளக்கியிருக்கும். பூ அடுக்க அப்போதுதான் உள்ளே வந்த, அந்தக் கல்யாண வீட்டு அத்தை ஒருத்தி, "நடத்துங்க, நடத்துங்க. கேக்கை மட்டும் யாரும் தொடக் கூடாது" என்றாள்.

பெனிச்சே தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். "இன்று, ஏப்ரல் மாதம் ஏழாம் தேதி, காலை பதினோரு மணி இருபது நிமிடத்துக்கு..."

"பத்து இருபது" என்றது கூடம் முழுக்க, ஒரே குரலில்.

பெனிச்சே பேனாவைத் தூக்கிவிட்டார். "சட்டப்படி நான் பதினொன்னு இருபதுதான் எழுத முடியும்."

"கடவுள் சாட்சியா பத்து இருபது" என்றான் யாரோ பின்னாலிருந்து. எல்லோருடைய கண்ணும் காஸ்பர் மேல் போனது. இந்த விஷயத்தில் அவன்தான் ஊரின் தலைவன். அரசாங்க மணியை ஒருமுறைகூட அவன் வாயால் சொன்னதில்லை. இந்தத் தகராறில் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டவன், ஒரு சிநேகிதனையும் பகைத்துக்கொண்டவன். லாண்டி அவன் சட்டைக் கையைப் பிடித்தாள். இதிலே போய் நின்றுவிடுவானோ?

காஸ்பர் கையை உயர்த்தி ஊரை அடக்கினான். "லிசென்சியாதோ சொல்றபடி எழுதட்டும். பதினொன்னு இருபது" என்றான்.

அவன் எதை விட்டுக்கொடுத்தான் என்று அங்கே வேறு யாரைவிடவும் லாண்டிக்குத் தெரியும். சம்மதமா என்று பெனிச்சே கேட்பதற்கு முன்னாலேயே சம்மதம் என்று சொல்லிவிட்டாள். சட்டப்படி இன்னொருமுறை சொல்ல வேண்டியிருந்தது, சொன்னாள்.

சாந்தா ரீத்தாவின் சொந்தக் கல்யாணக் கூட்டம் வரத் தொடங்கியபோது இவர்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். இரண்டு பெண்களும் வாசலில் கட்டிக்கொண்டார்கள். "நாற்காலி சூடாத்தான் இருக்கு, போய் உக்காரு" என்றாள் லாண்டி. சான் கோபோவில் பன்றி வெந்திருந்தது. ஆளுக்கு இரண்டு சோள ரொட்டியில் இறைச்சியும் ஊறவைத்த வெங்காயமும் வைத்துச் சாப்பிட்டார்கள். வெர்ன் ஏழு சாப்பிட்டார். அரசாங்கக் கணக்கில் பன்னிரண்டரைக்கு லாண்டி சாவியை எடுத்தாள். கல்யாண நாள் என்பதற்காக யாருடைய விமானமும் காத்திருக்காது. அதில் காஸ்பருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

"இவங்களை விட்டுட்டு வந்துடறேன்" என்றாள். பிறகு ஒன்று சேர்த்துச் சொன்னாள். முந்தின நாள்வரை அவள் வாயில் வராத சொல் அது. "அஞ்சு மணிக்கு ஊர் முக்குல இருப்பேன். உன் மணிக்கு."

காஸ்பர் தலையை ஆட்டினான்.

விமான நிலையத்தில் டோரீன் அவளை விடவே இல்லை. வெர்ன் தன் கைக்கடிகாரத்தை ஒருமுறை தட்டிக் காட்டிவிட்டு உள்ளே போனார். லாண்டி திரும்பி ஓட்டினாள். சாலை வெறிச்சென்று இருந்தது. எல்லை தாண்டும்போது பார்த்தால் அரை மணி நேரம் கையில் மிச்சம். சொன்ன சொல் தப்பக் கூடாது, அவன் மணிக்குச் சரியாகப் போய் நிற்க வேண்டும் என்று ஒரு கடையோரம் வண்டியை நிறுத்தி, புளித் தண்ணீர் வாங்கி ரசித்துக் குடித்தாள். வெள்ளை உடுப்பில் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. தன்னை நினைத்து அவளுக்கே பெருமையாக இருந்தது.

கடவுளின் மணி ஐந்துக்கு, நிமிஷம் பிசகாமல், ஊர் முக்கில் போய் நின்றாள். காஸ்பர் அங்கே நின்றுகொண்டிருந்தான். கல்யாணச் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. மூக்கும் நெற்றியும் கடற்கரையில் புதிதாக இறங்கிய ஆட்களைப்போலச் சிவந்திருந்தன.

"எப்ப வந்தே?"

"அஞ்சு மணிக்கு."

"இப்பத்தானே அஞ்சு?"

"உன் அஞ்சு மணிக்கு வந்தேன்."

லாண்டி கணக்குப் போட்டாள். அரசாங்கத்தின் ஐந்துக்கு வந்தவன், ஒரு மணி நேரமாக இந்த வெயிலில் நிற்கிறான். அவள் கடையில் உட்கார்ந்து புளித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோதும் நின்றிருக்கிறான். கல்யாணமான அன்றைக்கே மறுபடி காக்க வைத்துவிட்டாள். அவள் கண் நிறைந்துவிட்டது. "உன் மணிக்குன்னு சொல்லிட்டுத்தானே போனேன். காதுல விழலையா?"

"விழுந்துச்சு" என்றான் காஸ்பர். கதவைத் திறந்து, அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். "உன் மணிக்கும் நின்னேன், என் மணிக்கும் நின்னேன். எதுல வந்தாலும் இனிமே நீ என்னைத் தவற விட முடியாதுல்ல?"